வீங்கிய காலும் நான் சொல்லாத மாத்திரையும்

முத்தையாபுரம் பக்கம் உப்பளம் வைத்திருக்கிறவன் உடம்பில் உப்புக் குறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரிக்கட்டும். என்னைப் பார்த்துச் சிரிக்க இத்தனை வருஷமாக ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் உள்ளே கிடந்து வந்த விவரத்தை நானே எழுதிவிடுகிறேன். அடுத்தவன் சொன்னால் கூட்டிச் சொல்வான். நம் ஊரில் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் வீட்டுக்கு ஒருத்தராவது இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

என் படிப்பு மூணாம் வகுப்பு. பன்னிரண்டு வயதில் அளத்தில் உப்புப் பெட்டி சுமந்தேன். இன்றைக்கு எழுபத்தொரு வயதில் எண்பது ஏக்கர் என் பெயரில் இருக்கிறது. ஒருத்தன் கையைப் பிடித்து ஏற்றிவிடவில்லை. பாத்தித் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பின் அடர்த்தி இத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவேன். பிறகு கருவியைப் போட்டுப் பார்த்தால் அரை டிகிரி தள்ளியிருந்தால் அதிகம். காய்ச்சலுக்குக்கூட நான் டாக்டரிடம் போனது கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பிரஷர் இருப்பது பல் டாக்டர் வீட்டில்தான் தெரிந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பெரியவரே, நூத்தித் தொண்ணூறு இருக்கு. நான் பல்லைத் தொடமாட்டேன்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மகள் மல்லிகா விடவில்லை. எங்கள் மில்லர்புரம் வீட்டுக்குப் பக்கத்தில் மாலையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா அம்லோடிபின் என்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதலில் ஐந்து மில்லிகிராம், பிரஷர் இறங்கவில்லை என்று ஒரு மாதம் கழித்துப் பத்து.

அது எப்படி வேலை செய்கிறது என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரத்தக் குழாயின் சுவரில் சதை இருக்கிறது. கால்சியம் அந்தச் சதைக்குள் புகுந்தால் சதை இறுகும், குழாய் சுருங்கும், ரத்தம் முட்டிக்கொண்டு ஓடும். அதுதான் பிரஷர். இந்த மாத்திரை கால்சியம் புகுகிற வாசலைப் பாதி அடைக்கிறது, நாங்கள் மடைக்குப் பலகை போடுவது மாதிரி. சதை தளரும், குழாய் அகலும், பிரஷர் இறங்கும். எலும்பில் இருக்கிற கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எலும்பு தேய்ந்துவிடும் என்று இந்த மாத்திரையை நிறுத்தின ஆளை எனக்குத் தெரியும். அது மடத்தனம். இந்த வகையிலேயே இன்னும் பல மாத்திரைகள் உண்டு. நெஞ்சு வலிக்கு ஒன்று, இருதயம் தாறுமாறாக ஓடினால் அதை அடக்க ஒன்று, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிறவர்களுக்கு ஒன்று, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பிரஷர் ஏறினால் கொடுப்பது ஒன்று.

பத்து மில்லி எழுதிக் கொடுத்த அன்று டாக்டர் அம்மா ஏதோ நிறையச் சொன்னார். நான் செல்போனில் பேசிக்கொண்டிருந்தேன். மதுரை ரோட்டில் என் லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றது. “ஆகட்டும்மா, ஆகட்டும்மா” என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூணு வாரத்தில் இரண்டு காலும் கணுக்காலுக்கு மேலே வீங்கின. விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. குழி நிரம்ப வெகுநேரம் ஆனது.

இங்கே என் பெரியண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது, பிறகு கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று தரம் மிஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். ஆறடி ஆள், கடைசியில் வாழை நார் மாதிரி கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அதனால் என் காலில் குழி விழுந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. டாக்டரிடம் போனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார். சொல்லாதவரை எனக்கு அந்த நோய் இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

உப்பளக்காரன் புத்தி ஒன்று உண்டு. பாத்தியில் வேண்டாத தண்ணீர் நின்றால் வெட்டிவிட வேண்டும். மழைத் தண்ணீரை நாங்கள் அப்படித்தான் கழிக்கிறோம். காலில் தண்ணீர் நிற்கிறது, வெட்டிவிடுவோம் என்று முடிவு பண்ணினேன். என் கட்டடத்தில் ஒரு மருந்துக் கடை வாடகைக்கு இருக்கிறது. “நீர் பிரியுற மாத்திரை ஒரு அட்டை குடுப்பா” என்றேன். “டாக்டர் சீட்டு இருக்கா அண்ணாச்சி?” என்று அவன் கேட்டான். “கட்டடமே என்னுது, சீட்டு எதுக்குடா?” என்றேன். கொடுத்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். அவன் இடத்தில் எவன் இருந்தாலும் கொடுத்திருப்பான்.

உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சாப்பாட்டில் உப்பையும் நிறுத்தினேன். “பிரஷருக்கு” என்று வீட்டில் சொன்னேன். வெயில் காலம், தாகம் வேறு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். உப்பு வெளியே போகிறது, உள்ளே வரவில்லை, வெறும் தண்ணீர் மட்டும் வருகிறது. நல்ல பாத்தியை நானே மழைத் தண்ணீர் விட்டுக் கெடுத்த மாதிரி. என் அளத்தில் ஒருத்தன் அப்படிச் செய்தால் அன்றைக்கே கூலியைக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

வீக்கம் கொஞ்சம்கூட வற்றவில்லை. வற்றாததால் இன்னொரு மாத்திரை சேர்த்துப் போட்டேன்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. தலை கனத்தது, சோறு இறங்கவில்லை, நடக்கும்போது வரப்பு ஆடுகிற மாதிரி இருந்தது. ஒரு நாள் காலை அளத்தில் பாத்தியில் விரலை வைத்து நாக்கில் தொட்டேன். “பத்து டிகிரி” என்றேன். கங்காணி இசக்கி என் முகத்தையே பார்த்தான். காலடியில் உப்பு விளைந்து கிடக்கிறது. பத்து டிகிரியில் உப்பு எங்கே விளையும், இருபத்தைந்தாவது தொட வேண்டாமா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். “அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான். நான் அவனை “அண்ணே” என்று கூப்பிட்டேனாம். செத்துப்போன என் அண்ணன் பெயரைச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டேனாம். அப்புறம் வரப்பில் சரிந்துவிட்டேன். இது எல்லாம் இசக்கி சொன்னது. எனக்கு ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாளும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நர்ஸ் பிள்ளை, “தாத்தா, இது எந்த ஊரு?” என்று கேட்டதற்குக் கொழும்பு என்றேனாம். ரத்தத்தில் சோடியம் நூற்று முப்பத்தைந்துக்கு மேலே இருக்க வேண்டும். எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. சோடியம் என்றால் நம் உப்பில் பாதி. அது குறைந்தால் மூளை தண்ணீரை உறிஞ்சி வீங்குமாம். அதனால்தான் இசக்கி அண்ணனானான், தூத்துக்குடி கொழும்பானது.

புத்தி திரும்பின பிறகு பார்த்தால், கையில் ஒரு பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. என்னது என்று கேட்டேன்.

“உப்புத் தண்ணி, தாத்தா.”

“என்னை அண்ணாச்சின்னு கூப்பிடு. எத்தனை டிகிரி?”

அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. மூன்று சதவீதம் என்றாள். துளித் துளியாக விழுந்தது. “நல்லா திறந்து விடும்மா. எண்பது ஏக்கர் உப்புக்காரன், இந்தத் துளியை வச்சு எப்போ நிரம்புறது?” என்றேன். “வேகமா ஏத்தினா மூளை நரம்பு கெட்டுப்போயிரும். அப்புறம் கை கால் வராது, பேச்சு வராது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறணும்னு இருக்கு” என்றாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நாள் போகப் போக நூற்றுப் பதினாறு, நூற்று இருபது, நூற்று இருபத்து மூன்று என்று ஏறியது. கை இரண்டும் நீலம் பாரித்துப் போனது. வலித்தது என்று எழுத மாட்டேன். ஆனால் அவள் டிரேயைத் தூக்கிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வேன்.

மூன்றாம் நாள் டாக்டர் அம்மா வந்தார். அந்த ஆஸ்பத்திரியிலும் அவர்தான் பார்க்கிறார். தெளிவாகக் கேட்டார்: “ஐயா, சோடியத்தோட பொட்டாசியமும் குறைஞ்சிருக்கு. நீர் மாத்திரை எடுத்தா இப்படி வரும். அம்லோடிபின் தவிர வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்லைம்மா.”

“கடையில வாங்கி? நாட்டு மருந்து?”

“நான் மாத்திரைக்கு அலையுற ஆளு இல்லை” என்றேன்.

அவர் என் மனைவி செல்லக்கனியைப் பார்த்தார். “எனக்குத் தெரிஞ்சு இல்லைம்மா” என்றாள். அவளுக்குத் தெரியாது. அட்டையை அளத்து ஆபீசில் வைத்திருந்தேன். படுத்தே கிடந்ததில் கால் வீக்கமும் வற்றியிருந்தது, டாக்டர் அம்மா கண்ணில் அதுவும் படவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்கலாம். கடைக்காரப் பயல் மாட்டிக்கொள்வான் என்று நினைத்தது உண்மை. என் கெத்து போய்விடும் என்று நினைத்ததும் உண்மை. ஆனால் நீர் மாத்திரை என்று சொன்னால், எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். கால் வீக்கம் என்றால் கிட்னி என்பார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரக்கூடாது. அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது.

நான் இல்லை என்றதால் அவர்கள் வேறு காரணம் தேட ஆரம்பித்தார்கள். நெஞ்சில் பசையைத் தடவி எக்கோ, வயிற்றில் தடவி ஸ்கேன், தலைக்கு ஒரு ஸ்கேன், சுரப்பிக்கு என்று இரண்டு சோதனை. தள்ளு நாற்காலியில் என்னை உட்காரவைத்து வராண்டாவில் வரிசையில் விடுவார்கள். எனக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் எட்டுப் பேர். லாரி செட்டில் நான் காக்கவைத்த ஆட்கள் மாதிரி நானும் காத்துக் கிடந்தேன். மல்லிகா ஒவ்வொரு பில்லாகக் கட்டிவிட்டு வருவாள். எவ்வளவு என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

ஐ.சி.யூ.வில் என் பக்கத்துக் கட்டிலுக்குக் கீழவைப்பாரைச் சேர்ந்த சவரிமுத்து வந்து சேர்ந்தார். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், நெஞ்சு அகலமான ஆள். மயங்கி விழுந்து கொண்டுவந்தார்கள், நாடி முப்பத்தாறுதான் இருந்தது. டாக்டர் அம்மா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் அவர் சம்சாரத்திடம், “ஏளா, அந்தப் பையைக் கொட்டு” என்றார். அந்த அம்மாள் மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். பத்துப் பதினைந்து அட்டை, ஒரு ஜெபமாலை, தைலக் குப்பி, காய்ந்த வெற்றிலை. “எல்லாம் நான் தின்னதுதான் டாக்டரம்மா. இந்தப் பச்சை அட்டை என் மச்சினனுக்கு உள்ளது. நல்லா தூக்கம் வருதுன்னான், அதையும் தின்னேன். போன சனிக்கிழமை சாராயமும் குடிச்சேன், அதையும் எழுதிக்கிடுங்க.”

டாக்டர் அம்மா இரண்டு அட்டையை மட்டும் எடுத்தார். ஒன்று வெரபமில், படபடப்புக்கு ஒரு டாக்டர் கொடுத்தது. நான் சாப்பிடுகிற வகைதான், ஆனால் இது இருதயத்தின் ஓட்டத்தையும் குறைக்கும். இன்னொன்று அட்டெனலால், பிரஷருக்கு வேறு ஒரு டாக்டர் கொடுத்தது. அதுவும் ஓட்டத்தைக் குறைக்கும். இரண்டு பேருக்கும் அடுத்தவர் கொடுத்தது தெரியாது. இரண்டும் சேர்ந்து இருதயத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறது. இரண்டையும் நிறுத்தினார்கள். மறுநாளே நாடி அறுபதுக்கு வந்துவிட்டது.

தனி அறை காலி இல்லை என்றார்கள். என் பெயரைச் சொல்லியும் இல்லை என்றார்கள். அதனால் வார்டுக்கு வந்த பிறகும் சவரிமுத்து பக்கத்துக் கட்டில்தான்.

“அண்ணாச்சி, உங்களுக்கு என்ன சீக்கு?”

“உப்புக் குறைஞ்சிட்டாம்.”

அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. “மாதாவே! உப்பளத்துக்காரருக்கா? எங்கூட வள்ளத்துல வாங்க. ரெண்டு முங்கு முங்கினா தன்னால ஏறிரும்.”

“வாயை மூடும் ஓய். நாடி நின்னுபோன ஆளுக்குப் பேச்சைப் பாரு.”

“என் நாடி நின்னதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சே. உங்க உப்பு எங்கிட்டுப் போச்சுன்னுதானே இந்த டாக்டர்மாரு எல்லாம் தேடிக்கிட்டு அலையுதாவ?”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

ஐந்தாம் நாள் மாலை டாக்டர் அம்மா மல்லிகாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். கதவு சரியாகச் சாத்தவில்லை. காரணம் தெரியாமல் சோடியம் குறைந்தால் சிலருக்கு நுரையீரலில் கட்டி இருக்கலாம், நாளைக்கு நெஞ்சுக்கு சி.டி. எடுப்போம், பிறகு தேவைப்பட்டால் மதுரைக்கு அனுப்புவோம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. மல்லிகா உள்ளே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். “ஒண்ணுமில்லைப்பா, நாளைக்கு இன்னொரு சின்ன டெஸ்ட்” என்றாள். செல்லக்கனி ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த சுளையிலேயே இன்னும் நார் எடுத்துக்கொண்டிருந்தாள், எடுக்க ஒன்றுமில்லாமல்.

இல்லாத கட்டிக்கு அவர்கள் இரண்டு பேரும் அழுவதற்கு நான் காரணம். கிட்னி என் பயம், அதை நான் சுமக்கலாம். இதை அவர்கள் தலையில் ஏற்ற எனக்கு உரிமை கிடையாது. யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றே வந்து நின்றது.

மறுநாள் காலை சி.டி.க்குக் கூட்டிப்போகத் தள்ளு நாற்காலி வந்துவிட்டது. டாக்டர் அம்மாவும் வந்தார். நான் ஏறவில்லை.

“நீர் மாத்திரை தின்னேன்” என்றேன்.

 டாக்டர் அம்மா நாற்காலிக்காரனை நிற்கச் சொல்லிக் கை காட்டினார்.

“எத்தனை?” என்று கேட்டார்.

“காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கடைசியில ரெண்டு ரெண்டு.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம். உப்பும் சேக்கலை.”

“எதுக்கு ஐயா?”

“காலு வீங்கிச்சு. எங்க அண்ணனுக்கு வீங்கின மாதிரி.”  பிறகு கேட்டேன்: “என் கிட்னி எவ்வளவு போயிருக்கு?”

அவர் என் கட்டில் கால்மாட்டில் தொங்கின கேஸ் அட்டையை எடுத்தார். முதல் தாளைத் திருப்பினார். “உங்க கிட்னிக்கு ஒண்ணுமே இல்லை. நீங்க வந்த முதல் நாளே ரிப்போர்ட் வந்திருச்சு. உங்க பொண்ணுகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். அஞ்சு நாளா இங்கனதான் தொங்குது.”

தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இங்கிலீஷில் இருந்தது.

“அம்லோடிபின் பத்து மில்லி சாப்பிடுறவங்க நிறைய பேருக்குக் கால் வீங்கும். சின்ன ரத்தக் குழாய் அகலும்போது தண்ணி கசிஞ்சு காலில இறங்கும். அவ்வளவுதான். அது கிட்னி இல்லை. நீர் மாத்திரைக்கும் வத்தாது. வீங்கினா உடனே வாங்கன்னு அன்னைக்கே சொன்னேனே ஐயா.”

“சொன்னீய” என்றேன். “என் காதுலதான் போன் இருந்தது.”

மல்லிகா என்னைத் திட்டியதை எழுதத் தேவையில்லை. ஒரு மகள் அப்பனை அப்படித் திட்டலாமா என்று கேட்கிறவர்கள், அவள் இடத்தில் அந்த ஐந்து நாள் இருந்து பார்க்கட்டும். சி.டி. வேண்டாம் என்றாயிற்று. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள், “அப்போ இவரு வரலையா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான்.

இப்போது அம்லோடிபினைப் பழையபடி ஐந்து மில்லியாகக் குறைத்து, கூட வேறு ஒரு பிரஷர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் கால் வீக்கமும் குறையுமாம். குறைந்திருக்கிறது. நான் கேட்டுக்கொண்டது இன்னும் சில உண்டு. இந்த மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. சிலருக்குப் பல் ஈறு தடிக்கும், சிலருக்கு முகம் சிவந்து தலை வலிக்கும், சிலருக்கு மலம் கட்டும். வந்தால் சொல்ல வேண்டும். பம்பளிமாஸ் பழம் இதோடு சேராது என்கிறார்கள், கேட்டுவிட்டுத் தின்னுங்கள். பிரஷர் கூடிவிட்டது என்று இந்த வகை மாத்திரையைக் கடித்து நாக்குக்கு அடியில் வைக்கிற பழக்கம் முன்னே இருந்தது. அதைச் செய்யவே கூடாது. பிரஷர் திடீரென்று விழுந்து மூளைக்கோ இருதயத்துக்கோ ரத்தம் போகாமல் நின்றுவிடும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் சவரிமுத்து செய்த மாதிரி பையோடு கொண்டுபோய்க் கொட்டுங்கள். மருந்துக் கடைக்காரனிடம், இனிமேல் நானே வந்து கேட்டாலும் சீட்டில்லாமல் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன். “சீட்டில்லாம நீங்க மட்டும்தான் அண்ணாச்சி வாரது” என்றான்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மல்லிகா முன்னால் உட்கார்ந்து காரை ஓட்டினாள். நானும் செல்லக்கனியும் பின்னால். மூணு நாளாகச் செல்லக்கனி என்னிடம் சரியாகப் பேசவில்லை. மாத்திரையை மறைத்ததற்குக் கோபம் என்று நினைத்திருந்தேன். மூணாவது மைல் பக்கம் வந்தபோது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“உங்க காலு வீங்கினது எனக்கு அப்பவே தெரியும். செருப்பு வாரு சதையில பதிஞ்சு கிடந்துச்சு.”

“தெரியுமா? ரெண்டு மாசமா?”

“ம்.”

“கேக்க வேண்டியதுதானே, ஏளா?”

“உங்க அண்ணனுக்கு வந்த சீக்கான்னு கேட்டு, ஆமான்னு சொல்லிட்டீயன்னா?”